விலைப்பட்டியல் காணாமற்போன காலை

2023 தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. உளுந்து, துவரை, கடலைப்பருப்பு விலைகளைத் தினமும் காலை எட்டு மணிக்கு நமது இணையதளத்தில் போட்டுவிடுவது வழக்கம். வெளியூர்ச் சில்லறை வியாபாரிகள் அதைப் பார்த்துத்தான் எத்தனை மூட்டை வேண்டுமென்று சொல்வார்கள். அன்று பட்டியலைக் காணோம். வெள்ளைப் பக்கத்தில் 'பார்ஸ் எர்ரர், சின்டாக்ஸ் எர்ரர், அன்எக்ஸ்பெக்டட் ?' என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு கோப்பின் பெயரும், 212ஆம் வரி என்றும் இருந்தது. போன் ஓயவில்லை.

முந்தின இரவு தங்கை மகன் விலைப்பட்டியல் மாட்யூலைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தான். நமது தளம் பிஎச்பி என்னும் கணினி மொழியில் ஓடுகிறது. அது ஒரு கோப்பை ஓட்டுமுன் இலக்கணம் பார்க்கும். ஓர் அரைப்புள்ளி தவறினாலும் கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். நல்ல வரிகளை மட்டும் ஓட்டுவோம் என்ற தாட்சண்யம் அதற்குக் கிடையாது.

"மாமா, ஒரு கேள்விக்குறி கூடுதலாகக் கிடக்கிறது, எடுத்துவிடுகிறேன்" என்றான் பையன். எடுத்தான். அதே வரியில் இப்போது அரைப்புள்ளி தப்பு என்று வந்தது. போட்டதைப் பழையபடி போடச் சொன்னோம்.

வரி எண்ணை அப்படியே நம்பக்கூடாது. பேரேட்டில் கூட்டல் உதைப்பது பக்கத்தின் அடியில் தெரியும். தப்பு மேலே எங்கோ இருக்கும். இங்கும் அப்படியே. ஒரு வரியில் அரைப்புள்ளி விட்டுப்போனால் பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் காட்டும். மூடும் அடைப்பு விட்டுப்போனால் கோப்பின் கடைசி வரியைக் காட்டி, எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்னும். கோப்பு பாதியில் ஏறி நின்றுபோனாலும் இதே செய்தி வரலாம். ஆகவே கோப்பின் அளவை ஒப்பிட்டோம். சரியாகவே இருந்தது.

கோளாறு மாட்யூலில் இல்லை. இரட்டைக் கேள்விக்குறி என்பது 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0இல் சேர்ந்த குறி. நமது சர்வரிலோ 5.6. அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2018 டிசம்பரோடு நின்றுவிட்டது. இடம் கொடுத்த கம்பெனி சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வாடகை மட்டும் வருடா வருடம் தவறாமல் கட்டினோம்!

கண்ட்ரோல் பேனலில் 8.2 என்று மாற்றினோம். பட்டியல் வந்தது, ஆர்டர் படிவம் விழுந்தது. அந்தப் பழைய மாட்யூல் ஓர் எழுத்தைப் பிரித்தெடுக்க நெளிவு அடைப்பைப் பயன்படுத்தியிருந்தது. 2020 நவம்பரில் வந்த 8.0இலிருந்து அது செல்லாது. 7.4இல் எச்சரிக்கையோடு ஓடும். அதன் ஆதரவும் 2022இலேயே முடிந்திருந்தது என்றாலும், பண்டிகை முடியும்வரை 7.4இல் வைத்தோம். பிறகு படிவ மாட்யூலையும் புதுப்பித்து 8.2க்குப் போனோம்.

இப்போது மாட்யூல் எந்த பிஎச்பி கேட்கிறது என்று பார்த்து, பழைய ஃபோல்டரை நகல் எடுத்த பிறகே கை வைக்கிறோம். சில தளங்களில் பிழை வரிகூடத் தெரியாது. எர்ரர் லாக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்கு, 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல், இப்படி விழுந்தால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு வரும். அந்த மின்னஞ்சல் முகவரி தளம் செய்து கொடுத்தவருடையதா, நம்முடையதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

நமது பட்டியல் திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. வந்ததும் முந்தின நாள் விலைதான். அதைத் திருத்துவதற்குள் துவரையில் இரண்டு ஆர்டர் பழைய விலைக்கே விழுந்திருந்தது. அந்த விலைக்கே கொடுத்தோம்.