ஒரே முகவரி, இரண்டு நினைவகங்கள்

1984-85இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம் இந்தியப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்த கணினி, பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பிபிசி மைக்ரோ. அதன் ‘மாடல் பி’யில் 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 புராசஸரும் 32 கே.பி. ரேமும் உண்டு. பெட்டியின் அடியில் உள்ள ‘டியூப்’ இணைப்பில் இன்னொரு புராசஸரைப் பொருத்தலாம். ஏகார்ன் விற்ற 6502 இரண்டாம் புராசஸர் 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதற்கெனத் தனியாக 64 கே.பி. நினைவகம் இருக்கும்.

இதன் தேவை ஒரு கணக்கிலேயே புரியும். தெளிவு கூடிய ‘மோடு 0’ திரை மட்டும் 20 கே.பி. ரேமை எடுத்துக்கொள்ளும். டிஸ்க் டிரைவும் இருந்தால், பேசிக் நிரலுக்கு மிஞ்சுவது 6 கே.பி.க்கும் குறைவு. இரண்டாம் புராசஸர் சேர்ந்தால் அதே நிரலுக்கு 30 கே.பி. கிடைக்கும், ‘ஹை-பேசிக்’ பயன்படுத்தினால் 44 கே.பி. திரை, விசைப்பலகை, டிஸ்க் ஆகியவற்றை மூலக் கணினி பார்த்துக்கொள்ள, நிரல் இரண்டாம் புராசஸரில் ஓடும்.

கோளாறுகளும் இந்தப் பிரிவினையிலிருந்தே வருகின்றன. முதலில், இரண்டாம் புராசஸர் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை முதலிலும் மூலக் கணினியைப் பிறகும் இயக்கினால், ‘ஏகார்ன் டியூப் 6502 64கே’ என்ற வரி திரையில் வர வேண்டும். வழக்கமான ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ வந்தால் நினைவகத்தைச் சோதிப்பதில் பயனில்லை. மின்சாரம், ரிப்பன் கேபிள், டியூபுக்கான நிரல் அடங்கிய ரோம் சிப் மூன்றையும் பார்க்க வேண்டும். திருவண்ணாமலை போல வெயிலும் தூசியும் மிகுந்த ஊர்களில் பழைய சாக்கெட்டுகளின் கால்கள் கறுத்துப்போகலாம். மின்சாரத்தைத் துண்டித்து, சிப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது முதல் வைத்தியம்.

இணைப்பு சரியாக இருந்தும் திரை வெறுமையாக இருந்தால், நிரல் எந்த நினைவகத்தில் எழுதுகிறது என்று பார்க்க வேண்டும். மோடு 0 திரை, பதினாறடிமான எண்ணில் 3000 என்ற முகவரியில் தொடங்குகிறது. அதே எண்ணுள்ள முகவரி இரண்டாம் புராசஸரிலும் உண்டு. திரையில் நேரடியாக எழுதும் விளையாட்டுகள் அங்கே எழுதிவிடுவதால் படம் தெரிவதில்லை. சேமித்த படத்தை மூலக் கணினியின் திரைக்கே ஏற்ற, முகவரிக்கு முன்னால் நான்கு ‘எஃப்’ சேர்க்க வேண்டும். போர்ட்டுகளை நேரடியாகத் தொடும் நிரல்களும் இதேபோல் தோற்கும். அவற்றை 146 முதல் 151 வரையிலான ‘ஆஸ்பைட்’ அழைப்புகளாலும், மூலக் கணினியின் ரேமைப் படிக்கவும் எழுதவும் ‘ஆஸ்வேர்ட்’ 5, 6 அழைப்புகளாலும் மாற்றி எழுதலாம். மாற்ற முடியாத விளையாட்டுகளுக்கு இரண்டாம் புராசஸரை அணைத்துவிட்டுக் கணினியை மீண்டும் இயக்குவதே வழி.

உலகின் முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று இயங்கத் தொடங்கியபோது, அதுவும் பிபிசி மைக்ரோவின் டியூப் வழியேதான் பேசியது. இன்று ‘பைடியூப்டைரக்ட்’ என்ற மென்பொருள் ராஸ்பெரி பை பலகையை இரண்டாம் புராசஸராக நடிக்க வைக்கிறது. டியூப் 5 வோல்ட், பை 3.3 வோல்ட் என்பதால் இடையில் மின்னழுத்த மாற்றி கட்டாயம். புதிய பலகையானாலும் முகவரிச் சிக்கல் பழையதே. மேலே சொன்ன சோதனைகள் அதற்கும் அப்படியே பொருந்தும்.