என்ஜின் மாத்தியாச்சு... கார் ஏன் ஸ்டார்ட் ஆகலை? செகண்ட் ஹேண்ட் என்ஜின் வாங்குறவங்க கம்ப்யூட்டரையும் பாருங்க!

கோவை,

மழைத் தண்ணீருக்குள் இறங்கிய கார் நடுரோட்டில் நின்று விடுகிறது. டிரைவர் சும்மா இருக்காமல் நாலு தடவை செல்ப் அடிக்கிறார். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் காலி.

கம்பெனியில் புது என்ஜினுக்கு கொட்டேஷன் கேட்டால் தலை சுற்றும். பழைய காரை விற்றாலே அவ்வளவு வராது. மாதா மாதம் டியூ கட்டி வாடகைக்கு ஓட்டுபவர் என்ன செய்வார்? சென்னை புதுப்பேட்டை, உக்கடம் என்று செகண்ட் ஹேண்ட் என்ஜின் தேடிக் கிளம்பி விடுகிறார்.

"அதே மாடல்தானுங்கண்ணா... வருஷம்தான் கொஞ்சம் வேற. அப்படியே உக்காந்துக்கும்" என்பார் கடைக்காரர். அவர் சொன்னது பொய் இல்லை. என்ஜின் அப்படியே உட்காரும். போல்ட், மவுண்டிங், கியர் பாக்ஸ் எல்லாம் சேரும். ஆனால் சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது!

ஏன் இந்தக் கூத்து?

அம்பாசிடர் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. பெட்ரோல் என்ஜினைக் கழற்றி வீசி விட்டு டீசல் என்ஜினை மாட்டி டாக்சி ஓட்டியவர்கள் நிறைய பேர். பெட்ரோல் வர ஒரு குழாய், கரண்டுக்கு நாலு ஒயர், ஆக்சிலேட்டர் கேபிள். மாட்டினால் ஓடும்.

மாருதி 800 காரும் 1983-ல் வந்தபோது அப்படித்தான். கார்பரேட்டர் வைத்த என்ஜின். 2000-ம் ஆண்டு வாக்கில் அதே காரில் எம்.பி.எப்.ஐ. என்ஜின் வந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கார். உள்ளே வேற கதை.

எம்.பி.எப்.ஐ. என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நேரத்தில் பிளக் பொறி என்று முடிவு செய்வது ஒரு சின்ன தகரப் பெட்டி. அதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஈ.சி.எம்.’ என்றும், ‘கம்ப்யூட்டர்’ என்றும் சொல்கிறார்கள். கிராங்க் எங்கே நிற்கிறது, என்ஜின் சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு உள்ளே போகிறது, சைலன்சரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒவ்வொரு சென்சாரும் அதற்குச் செய்தி சொல்லிக் கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் பழைய கார்பரேட்டர் 800-ல் புது எம்.பி.எப்.ஐ. என்ஜினை இறக்கினால் என்ஜின் மட்டும் வந்தால் போதாது. கம்ப்யூட்டர் வேண்டும். என்ஜின் ஒயரிங் முழுசாக வேண்டும். கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் என்ஜின் மேலேயே இருக்கும். இதற்கு டேங்குக்குள் கரண்ட் பம்ப் வைக்க வேண்டும். சைலன்சரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேண்டும். கூட்டிப் பார்த்தால் என்ஜின் விலையை விட சில்லறைச் செலவு அதிகம்.

பல் எண்ணும் கம்ப்யூட்டர்

இரண்டுமே கம்ப்யூட்டர் என்ஜின்தானே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அங்கேயும் வில்லங்கம் இருக்கிறது.

கிராங்கோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றும். கம்ப்யூட்டர் அந்தப் பல்லை எண்ணித்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்து கொள்கிறது. சில என்ஜினில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 2 பல்லை விட்டு விட்டு 58 இருக்கும். வேறு சிலவற்றில் 36-ல் ஒன்று குறைந்து 35 இருக்கும். 58 பல்லுக்குப் பழகிய கம்ப்யூட்டரிடம் 35 பல் சக்கரத்தைக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது. பொறியும் வராது, பெட்ரோலும் வராது. மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், காயிலை மாற்றுவார், பம்பை மாற்றுவார். காசு போவதுதான் மிச்சம்.

ஆக்சிலேட்டரும் அப்படியே. பழைய மாடலில் கேபிள் இழுக்கும். புது மாடலில் பெடலில் சென்சார், என்ஜின் பக்கம் மோட்டார். என்ஜினை மாற்றினால் பெடலையும் மாற்ற வேண்டும்.

சாவிக்குள்ளே சிப்!

பெரும்பாலான கார்களை நிறுத்தி வைப்பது இம்மொபிலைசர்தான். திருடன் கள்ளச் சாவி போட்டு ஓட்டிப் போகாமல் இருக்க வைத்த ஏற்பாடு.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி அளவுக்கு ஒரு சிப் இருக்கும். சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில். சாவியைப் போட்டதும் சிப்பில் உள்ள ரகசிய எண்ணை காயில் படித்துக் கொடுக்கும். அது சரியாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் என்ஜினை ஓட விடும். இல்லாவிட்டால் செல்ப் சுற்றும், வண்டி பிடிக்காது. சில வண்டி பிடித்து ஓரிரு நொடியில் அணைந்து விடும். மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தால் கோளாறு இங்கேதான் என்று அர்த்தம்.

இதனால்தான் கம்ப்யூட்டரை மட்டும் தனியாக வாங்கினால் வேலைக்கு ஆகாது. கம்ப்யூட்டர், இம்மொபிலைசர், சாவி மூன்றையும் ஒரே காரில் இருந்து செட்டாக வாங்க வேண்டும். கதவுப் பூட்டை மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சாவியில் உள்ள சிப்பை எடுத்து நம்ம சாவிக்குள் வைத்து விடலாம்.

‘இம்மோவையே தூக்கிடலாம்ணா’ என்று லேப்டாப்போடு வருபவர்களும் உண்டு. தூக்கினால் வண்டி ஓடும். அப்புறம் எந்தக் கள்ளச் சாவிக்கும் ஓடும்!

டீசலில் இன்னும் சிக்கல்

வாடகை கார் ஓட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த 1.3 லிட்டர் டீசல் என்ஜினையே எடுத்துக் கொள்வோம். பியட் கம்பெனியின் வடிவமைப்பு. ஸ்விப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, பியட் புண்டோ, லீனியா என்று பல கார்களில் இதுதான். மாருதி 2020-ல் டீசல் காரையே நிறுத்தி விட்டாலும் ரோட்டில் இன்னும் ஏகப்பட்ட வண்டி ஓடுகிறது.

‘எல்லாம் ஒரே என்ஜின்தானே’ என்று 2012-ல் வந்த எர்டிகா என்ஜினை ஸ்விப்டில் இறக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. ஸ்விப்ட் என்ஜின் 75 குதிரைத்திறன். எர்டிகா 90. வித்தியாசம் டர்போவில். எர்டிகா டர்போவின் உள்ளே இதழ்கள் நகர்ந்து கொடுக்கும். ஸ்விப்ட் டர்போவில் அது கிடையாது. ஸ்விப்ட் கம்ப்யூட்டருக்கு அந்த இதழை நகர்த்தத் தெரியாது. 90 வரும் என்று பணம் போட்டவருக்கு 75-ம் ஒழுங்காக வராது.

இன்ஜெக்டர் விஷயம் தனி. காமன் ரெயில் டீசலில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். அவ்வளவு அழுத்தத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் டீசல் அளவு மாறி விடும். அதற்காக ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் ஒரு கோடு எண் பொறித்திருப்பார்கள். எந்த சிலிண்டரில் எந்த எண் என்று ஸ்கேனர் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் வண்டி ஓடும். ஆனால் ஐடிலில் உதறும், தட்டும், புகை கக்கும். ‘என்ஜின் சரியில்லை’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்பு இதைப் பார்க்க வேண்டும்.

அப்படின்னா என்னதான் வழி?

அனுபவப்பட்ட மெக்கானிக் செய்வது இதுதான். என்ஜின் ரகம் ஒன்றேயாக இருந்து வருஷம் மட்டும் வேறு என்றால், வாங்கிய என்ஜினில் இருந்து பிளாக்கையும் ஹெட்டையும் மட்டும் எடுத்துக் கொள்வார். நம்ம பழைய என்ஜினில் நல்ல நிலையில் உள்ள சென்சார், இன்ஜெக்டர், டர்போ, த்ராட்டில், என்ஜின் ஒயரிங் எல்லாவற்றையும் கழற்றி புது பிளாக்கில் மாட்டி விடுவார். பல் சக்கரம் ஒத்து வருகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கம்ப்யூட்டரையும் சாவியையும் தொடவே மாட்டார்.

கம்ப்யூட்டருக்கு அதே பழைய சென்சார், அதே இன்ஜெக்டர், அதே சாவி. உள்ளே இரும்பு மாறியதே அதற்குத் தெரியாது. ஒரு நாள் வேலை கூடும். கூலியும் கூடும். ஆனால் வண்டி ஓடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய என்ஜினை ‘கழிவு’ என்று அவசரப்பட்டு காயலான் கடையில் எடைக்குப் போட்டு விடக் கூடாது. என்ஜின் மாற்றுகிறவர்கள் பலர் முதலில் செய்வது அதைத்தான்! புது என்ஜின் ஓடி 10 நாளாவது ஆகட்டும், அப்புறம் விற்கலாம்.

ஆர்.டி.ஓ.வில் சொல்லியே ஆகணும்

ஆர்.சி. புத்தகத்தில் சேஸ் எண்ணோடு என்ஜின் எண்ணும் இருக்கிறது. பிளாக்கை மாற்றினால் எண் மாறி விடும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதற்குப் பொருந்தும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லி விட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

அதற்காக செகண்ட் ஹேண்ட் என்ஜினே போடக் கூடாது என்று இல்லை. அதே கம்பெனி, அதே ரகம், அதே எரிபொருள் என்ஜினாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்றிக் கொள்ள வேண்டும். பெட்ரோல் காரில் டீசல் என்ஜின், கார்பரேட்டர் காரில் வேறு ரக என்ஜின் என்று இறங்குபவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு விட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

எண் மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்? தினமும் ஒன்றும் ஆகாது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பானெட்டைத் திறக்கும் அன்றைக்குத்தான் ஆகும். எண் ஒத்து வராவிட்டால் கிளெய்ம் சிக்கலாகி விடும். எப்.சி.க்குப் போகும்போதும் இதே கேள்வி வரும்.

அதை விட மோசம், வாங்கிய என்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருப்பது. ‘எனக்குத் தெரியாது சார்’ என்றால் போலீஸ் விடாது. கடையில் என்ஜின் எண் எழுதிய பில், அந்த என்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். எண் பொறித்த இடத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். கிரைண்டர் ஓட்டிய தடமோ, எழுத்து கோணலோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்து விடுங்கள்.

எண் சரியாக இருந்தால், அடுத்து ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. நம்ம வண்டி போலவே அதுவும் மழையில் மூழ்கிய வண்டியின் என்ஜினாக இருக்கலாம்.