ஐந்து இதழ்ப் புரதம் உடைந்தால் என்ன ஆகும்?

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, வழியில் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவையும் வாங்கி வருபவர்கள் உண்டு. ‘சிஆர்பி’ என்ற வரியில் எண் கூடியிருந்தால் பயந்துவிடுகிறார்கள். சிலர் உடனே ஆன்டிபயாட்டிக் கேட்கிறார்கள்.

சிஆர்பி நோயல்ல. சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பதன் சுருக்கம் அது. கிருமி, காயம், மூட்டுவாதம் என எதனால் உடலில் அழற்சி ஏற்பட்டாலும் கல்லீரல் அவசரமாகத் தயாரித்து ரத்தத்தில் கலக்கும் புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளிடம் இதைக் கண்டறிந்தனர். சாதாரணமாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்கும் அளவு, கடும் தொற்றில் ஓரிரு நாளில் 100ஐத் தாண்டலாம்.

எண்ணைவிட இதன் வடிவத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே மாதிரியான ஐந்து துண்டுகள், பூவிதழ்போல வளையமாகச் சேர்ந்திருக்கும். சேதமடைந்த செல்லின் மேலுறையிலோ தூண்டப்பட்ட ரத்தத் தட்டணுவிலோ ஒட்டும்போது வளையம் தளர்ந்து துண்டு துண்டாகப் பிரிகிறது. அதுவரை மறைந்திருந்த பகுதிகள் வெளியே தெரிகின்றன. அவை வெள்ளணுக்களைத் தூண்டி, அழற்சியை இன்னும் கிளறிவிடுகின்றன. ரத்தக் குழாய்க் கொழுப்புப் படிவுகளிலும் இத்துண்டுகள் காணப்பட்டுள்ளன.

அதற்காக இதை வில்லனாக்கிவிடவும் முடியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ ஆகியோரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. தொற்று உள்ள இடத்தில் அமிலத்தன்மை சற்றுக் கூடும், கால்சியம் குறையும். அந்தச் சூழலில் சிஆர்பி, ஃபிகோலின் என்ற இன்னொரு புரதத்தோடு பல மடங்கு இறுக்கமாகச் சேர்ந்து கிருமியை எதிர்க்கிறது.

வளையம் உடைவதைத் தடுத்தால் அழற்சி அடங்குமா? லண்டனில் மார்க் பெப்பிஸ் குழு 2006இல், இரண்டு வளையங்களை முகத்தோடு முகம் ஒட்டவைக்கும் மருந்தை உருவாக்கியது. எலிகளில் மாரடைப்பின் சேதம் குறைந்தது. இத்தகைய மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

இப்போது புழக்கத்தில் உள்ள மருந்து ஒன்றைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்வது அவசியம். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் டோசிலிசுமாப், சிஆர்பி தயாரிக்கும்படி கல்லீரலுக்குச் செல்லும் சமிக்ஞையையே தடுத்துவிடுகிறது. உள்ளே தொற்று இருந்தாலும் எண் ஏறாமல் போகலாம். இம்மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், ‘சிஆர்பி நார்மல்’ என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் மருந்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.