ஓர் அசைவும் ஓர் உரிமையும்

காலஞ்சென்ற பேராசிரியர் ஸ்டீபன் ஹாக்கிங் கைகால் வழங்காத நிலையிலும் கன்னத்தின் சிற்றசைவு ஒன்றினாலேயே கணினியில் நூல் எழுதிவந்ததை நேயர்கள் அறிவார்கள். திரையில் எழுத்துகளின்மேல் ஒளிக்குறி வரிசையாய் நகரும். வேண்டிய எழுத்தை அது அடைந்ததும் கன்னம் அசையும். மூக்குக்கண்ணாடியில் பொருத்திய கருவி அதனை உணர்ந்து அவ்வெழுத்தைப் பதிக்கும். அவர்பொருட்டு இன்டெல் கம்பெனியார் இயற்றிய மென்பொருள் 2015-இல் யாவர்க்கும் இலவசமாக்கப்பட்டது. 2013 முதல் ஐபோனிலேயே இத்தகைய வசதி அடங்கியுள்ளது, ஆண்ட்ராய்டிலும் உண்டு. தலையாலோ பாதத்தாலோ ஒரு பொத்தானை அழுத்தவல்லார் எவரும் தொடுதிரையை ஆளலாம்.

கருவி இருக்கிறது, நம் தேசத்தில் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அடையும் உரிமை ஜீவாதார உரிமையின் அங்கமே என்று 2025 ஏப்ரல் 30-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. ஆயினும், விண்ணப்பம் முடியுமுன் "நேரம் தீர்ந்தது" என அனைத்தையும் அழித்துவிடும் இணையதளத்தில், எழுத்தெழுத்தாய்த் தேர்ந்து எழுதுவோர் என் செய்வர்? சட்டம் அளித்ததைக் கடிகாரம் பறிப்பது நியாயமா?

ஒற்றைப் பொத்தானால் தொடக்கம் முதல் முடிவுவரை இயங்குமா என்று சோதித்து, அவகாசத்தை நீட்டிக்கவும் வழிசெய்த பின்னரே ஸர்க்கார் எந்தச் சேவைத்தளத்தையும் திறக்கவேண்டுமென நாம் வற்புறுத்துகிறோம். நாம் கேட்பது தருமம் அன்று. சட்டப்படி சேரவேண்டிய பாத்தியதையே.