உங்களுக்குத் தெரியுமா? கடைசிக் குவாட்டருக்குப் பிறகு

தினமும் குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்திலேயே உடம்பு கணக்குக் கேட்கத் தொடங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், குமட்டும், தூக்கம் வராது. ‘ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்குது’ என்று பகல் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறக் காத்திருப்பவர் சொல்வது சாக்கு அல்ல. மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதும் அறிகுறி அது. மது மூளையை மந்தப்படுத்தும். அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கயிறிழுக்கும் போட்டியில் எதிரணி திடீரென்று கையை விட்டால் இந்த அணி மல்லாந்து விழுமே, அதுதான் இங்கே நடக்கிறது.

*

வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதைத் தாண்டிவிட்டோம் என்று வீட்டார் மூச்சு விடும்போது, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பாம்பு தெரியும், உடம்பெல்லாம் பூச்சி ஊரும், எதிரில் நிற்கும் பிள்ளையையே யாரென்று கேட்பார். காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதும் நடக்கிறது. இந்த நிலைக்கு ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்று 1813-லேயே பெயர் வைத்தவர் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். சிகிச்சை இல்லாத காலத்தில் இதில் மூவரில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. கூப்பிட வேண்டியது 108-ஐ, பூசாரியை அல்ல.

*

‘போன தடவை விட்டப்ப ஒண்ணும் ஆகலையே’ என்பது நம்பக்கூடாத ஆறுதல். விடுவதும் மறுபடி தொடுவதுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் வலிப்பு வரும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது.

*

மாலை போட்டதும் குடியை நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். மனசுக்கு அது பெரிய பிடிமானம். ஆனால் நடுக்கமும் வலிப்பும் விரதம் பார்த்து விலகுவதில்லை. தினக்குடி உள்ளவர் மாலை போடும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

*

பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்கிறார் ஒருவர். மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலைவிட்டு எழுந்து ஓடப் பார்க்கிறார். பெரும்பாலும் காரணம் ஒன்றே: அவர் குடிப்பார் என்பதை வீட்டார் மறைத்துவிட்டார்கள். மானம் போய்விடும் என்று பயந்து மறைப்பதில் உயிரும் போகலாம். எவ்வளவு என்று டாக்டர் கேட்டால் ‘கொஞ்சமா’ என்று இழுக்காமல் குவாட்டர் கணக்கிலேயே சொல்லலாம். 180 மில்லி பிராந்தியில் இருப்பது சுமார் 60 கிராம் ஆல்கஹால். மற்றதை அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். கடைசியாகக் குடித்த நேரத்தையும், முன்பு வலிப்பு வந்ததா என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

*

2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடியபோது, கேரளத்தில் மது கிடைக்காதவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மருத்துவர் சீட்டு கொடுத்தால் மது வழங்கலாம் என்று மாநில அரசு உத்தரவே போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், சில நாட்களில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மருந்து இருக்கும்போது மதுவையே மருந்தாக எழுதச் சொன்னது அபத்தம்தான். அதற்காக, திடீரென்று மது நின்றால் ஆபத்து என்ற பீதி பொய்யாகிவிடாது.

*

‘தெம்பா ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சார்.’ இதில் ஒரு கண்ணி உண்டு. நெடுநாள் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வறண்டு கிடக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்து, கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, குழப்பம் வரலாம். 1881-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த மூளை நோய் அது. கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும். அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவமனையில் தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு.

*

குடியை நிறுத்திய முதல் வாரத்துக்கான மாத்திரைகளில் பழையது, 1960-இல் சந்தைக்கு வந்த குளோர்டயசெபாக்சைடு. நாளுக்கு நாள் அளவைக் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி இதை வாங்காதீர்கள். இதைப் போட்டுக்கொண்டு மேலே குடித்தால் மூச்சு நின்றுவிடலாம்.

*

1935 மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் நகரின் மேஃப்ளவர் ஓட்டல். நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன், வந்த வியாபாரம் கவிழ்ந்துபோய் வரவேற்பறையில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் குடியை நிறுத்தி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தார். தேவாலயப் பட்டியலைப் பார்த்துப் பேசி, தன்னைப் போலவே குடியோடு போராடும் யாரையாவது காட்டச் சொன்னார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை மருத்துவர். பதினைந்தே நிமிடம் என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். அறிவுரை சொல்ல வந்தவரைத்தான் அவர் நிறையப் பார்த்திருந்தார். உதவி கேட்டு வந்தவரைப் பார்த்ததில்லை.

இத்தோடு கதை சுபம் என்றால் சினிமா. டாக்டர் பாப் அடுத்த மாதமே மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் திரும்பினார். அறுவைச் சிகிச்சை ஒன்று காத்திருந்தது. மூன்று நாள் கூடவே இருந்து தேற்றிய பில், அன்று காலை கை நடுக்கம் நிற்க ஒரு பாட்டில் பீரைத் தானே கொடுத்தார். (இன்று இப்படி யாரும் செய்யக் கூடாது, அன்று வேறு வழி தெரியவில்லை.) டாக்டர் பாப் குடித்த கடைசிப் பாட்டில் அதுதான். அந்த 1935 ஜூன் 10-ஐத்தான், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

*

1939-இல் அதே ஆக்ரன் நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் குடிநோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியபோது, டாக்டர் பாபும் சேர்க்கைப் பிரிவிலிருந்த சிஸ்டர் இக்னேஷியாவும் நோயின் பெயரை ‘கடுமையான இரைப்பை அழற்சி’ என்று எழுதினார்கள். உண்மையை எழுதினால் படுக்கை கிடைக்காது. முதல் நோயாளிக்குக் கிடைத்ததும் படுக்கை அறை அல்ல, பூங்கொத்துகளை அடுக்கும் சிறு அறை.

*

ஏ.ஏ. கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. ‘வெறும் பேச்சுதானே’ என்பவர்களுக்கு: 27 ஆய்வுகளையும் 10,000-க்கும் மேற்பட்டோரையும் உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டு காக்ரன் மதிப்பாய்வு, முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் இந்த வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தருகிறது என்று கண்டது. ஆனால் கூட்டம் வலிப்பை நிறுத்தாது. முதல் நாட்களில் மருத்துவர் முன்னால், கூட்டம் கூடவே.

*

‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்!’ சுவர் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். சாம்பாரில் கலந்துகொடுக்கும் பொடிகளில் சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கக்கூடும். ரப்பர் தொழிற்சாலையிலிருந்து வைத்தியத்துக்கு வந்த பொருள் அது. 1937-இல் ரப்பர் வேதிப்பொருளோடு புழங்கிய அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போனதை ஒரு மருத்துவர் கவனித்தார். பத்தாண்டு கழித்துக் கோபன்ஹேகனில், குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று டைசல்ஃபிராமைத் தாங்களே விழுங்கிப் பார்த்த ஹால்ட், யாக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்களுக்கு, கொஞ்சம் மது குடித்ததுமே முகம் சிவந்து, படபடத்து, வயிற்றைப் புரட்டியது. விவரம் தெரிந்து, ஒப்புக்கொண்டு, பரிசோதனைக்குப் பின் சாப்பிடுபவருக்கு இது நல்ல மருந்து. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் ஒரு ஆஃப் அடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இறந்தும் போகலாம். பாசத்தில் செய்தாலும் இது விஷம் வைப்பதற்குப் பக்கத்தில் நிற்கும் காரியம்.

*

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளைதான் போதை மீட்புக்கான டி.டி.கே. மருத்துவமனையை நடத்துகிறது. பட்டணத்துக்கு வர முடியாதவர்களுக்காக இவர்கள் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டு, சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோனார்கள். அந்த அனுபவம் 1994-இல் ‘அடிக்‌ஷன்’ என்ற பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரையானது.

*

மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார்.

*

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மதுப் பழக்கம் சார்ந்த மனநலக் கோளாறுகளும் அடக்கம். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் தடை. ஆகவே ‘மறுவாழ்வு மையம்’ என்று போர்டு வைத்த இடத்தில் பணம் கட்டும் முன் கேளுங்கள்: பதிவு இருக்கிறதா, மருத்துவர் யார், ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் வருவார்? பதில் மழுப்பலாக வந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வண்டியைத் திருப்புங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.

*

குடிக்கத் தோன்றும் வேகம் ஏறி, உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். வயிறு காய்ந்திருந்தால் வேகம் இன்னும் கூடும். சனிக்கிழமைக் கூலி கையில் வரும் சாயங்காலம் கூட ஒருவர் நடந்து வந்தாலே பாதிப் போர் முடிந்தது.

*

பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து தொடங்கியது அல்-அனான். குடிப்பவர்களின் வீட்டாருக்கான அமைப்பு. இந்தியாவிலும் குழுக்கள் உண்டு. வீட்டுக்காரர் குடியை விட்டிருக்க வேண்டும் என்றோ, கூட வர வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. அவர் இன்னும் கடை வாசலில் நின்றாலும் இவர் தனியாகப் போய் உட்காரலாம்.