தொட்டியில் வளரும் பேர் சொல்லா மருந்து

வசம்பை நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துண்டாகத்தான் பலரும் பார்த்திருப்பீர்கள். அது சேற்றில் வளரும் செடி என்றால் “அப்படியா?” என்பார்கள். கர்நாடகத்தில் கொரட்டகெரே பக்கம் நெல் வயல் மாதிரி சேறடித்துப் பயிரிடுகிறார்கள். நம்ம மொட்டை மாடியிலும் தாராளமாக வரும்.

ஓட்டையில்லாத அகலமான டப் ஒன்று போதும். வண்டல் மண்ணோடு மக்கிய சாணம் கலந்து நிரப்பி, முளையுள்ள பச்சைக் கிழங்கைப் படுக்க வைத்து, லேசாக மூடுங்கள். (கடைச் சரக்கு முளைக்காது.) மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கணும். தண்ணீர் மேலே தேங்கினால் டெங்கு கொசு குடிவந்துவிடும். தேங்கித்தான் ஆகும் என்றால் நாலைந்து கப்பி மீன் விடுங்கள்.

நர்சரியில் வாங்கும்போது இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். ஐரிஸ் என்ற பூச்செடிக்கும் இதே வாள் போன்ற இலைதான். அதில் மஞ்சள் பூ பூக்கும் ஒரு வகைக்குத் தாவரவியலார் வைத்த பெயருக்கே ‘பொய் வசம்பு’ என்றுதான் அர்த்தம்! அதன் கிழங்கு வயிற்றில் போனால் வாந்தி, பேதிதான். வாசனை வந்தால் வசம்பு, வராவிட்டால் வேண்டாம்.

வீட்டிலேயே விளைந்தது என்பதற்காகக் கைக்குழந்தைக்கு உரைத்துப் புகட்டிவிடாதீர்கள். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர் இருக்கிறதே என்பீர்கள். நம் நாட்டு வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் மிக அதிகம். எலிகளுக்கு நீண்ட நாள் கொடுத்துப் பார்த்ததில் குடலில் கட்டிகள் வந்தன. 1968-லேயே அமெரிக்காவில் உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். சித்த மருத்துவத்திலும் சுத்தி செய்து, அளவோடுதான் தருகிறோம். பச்சையாக, அளவு மிஞ்சினால் வாந்தி எடுக்க வைக்கும். சின்ன உடம்பு தாங்காது. கையில் கட்டும் வசம்பு வளையலும் கடைசியில் வாய்க்குத்தான் போகும். அதுவும் வேண்டாம்.

பாட்டி விடமாட்டேன் என்கிறாரா? தொப்புள் ஆறிய குழந்தைக்கு, சுட்ட வசம்பை விளக்கெண்ணெயில் குழைத்து, வயிற்றின் மேல் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும். அழுகை நிற்காவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு வருஷத்தில் இலை மஞ்சளாகும். கிழங்கைத் தோண்டி, வேர் நீக்கி, காயவைத்து, துணியில் முடிந்து பட்டுப்புடவைப் பெட்டியில் போடுங்கள். பூச்சி அண்டாது. நுனித்துண்டு ஒன்றை மறுபடி டப்பில் ஊன்றிவிடுங்கள்.