சலமாந்தர் இனங்களின் போட்டியும் உடலமைப்பும்

பல்லியின் வடிவமும் தவளையின் தோலும் உடைய சலமாந்தர் என்னும் சிற்றுயிர் இலங்கையில் இல்லை. அதன் இனங்கள் மிகப் பல்கியுள்ள இடங்களுள் ஒன்று வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடர். ஆங்குள்ள பிளெதோடன் சாதிக்கு நுரையீரல் கிடையாது, ஈரத்தோலே மூச்சுக்கருவி. ஆகவே ஈரமண்ணும் கல், மரக்கட்டைகளின் அடிப்புறமும் அதற்கு உணவைப்போல் இன்றியமையாதன.

ஓரினத்தின் வாழிடத்துக்கு எல்லையிடுவது காலநிலையா, அயலினத்தின் நெருக்குதலா என்பது நீண்டநாள் வழக்கு. பெரும் புகைமலைகளில் யோர்தான் சலமாந்தர் உயரத்திலும் பசைச் சலமாந்தர் தாழ்விலும் வாழ்கின்றன. இரண்டும் கலந்துறையும் பட்டை குறுகியது. பால்சம் மலைகளிலோ அப்பட்டை அகன்றது. குளிரும் வெப்பமுமே இதற்குக் காரணமெனக் கூறி அமைந்திருத்தல் எளிது. நெல்சன் ஹெயர்ஸ்டன் என்பார் அவ்வாறு அமையவில்லை. 1974 முதல் 1978 வரை இருமலைகளிலும் நிலத்துண்டுகள் வகுத்து, சிலவற்றில் ஓரினத்தையும் வேறு சிலவற்றில் மற்றையதையும் பிடித்தகற்றி, எஞ்சியவற்றை வாளா விட்டார். யோர்தான் இனம் நீங்கிய துண்டுகளிற் பசைச் சலமாந்தர் பெருகிற்று. பின்னது நீங்கிய துண்டுகளில் முன்னதன் இளையவற்றின் விகிதம் உயர்ந்தது. பட்டை குறுகிய மலையிலேயே போட்டி கடியது என்பதும் புலனாயிற்று. ஊகித்து உரைப்பதினும் அகற்றிப் பார்த்து அறிதல் எத்துணை மேலானது!

உடலமைப்பும் இப்போட்டியின் சுவட்டைத் தாங்குகின்றது. செம்முதுகுச் சலமாந்தரையும் ஹொஃப்மன் சலமாந்தரையும் ஆடம்ஸ், ரோல்ஃப் ஆகிய இருவர் அளந்து 2000 இல் முடிபு வெளியிட்டனர். சேர்ந்து வாழுமிடங்களில் அவற்றின் தலைகள் எதிரெதிர்த் திசையில் மாறியிருந்தன; ஒன்றின் தாடை விரைந்து மூடுவது, மற்றையதன் தாடை மெதுவாயினும் வலியது. உணவும் அதற்கேற்ப வேறுபட்டது. ஆயின் மேற்கூறிய யோர்தான் இனத்தையும் அதன் அயலினத்தையும் ஆடம்ஸ் 2004 இல் ஆராய்ந்தபோது, தலை வேற்றுமைக்கு உணவன்றி ஒன்றையொன்று தாக்கும் இயல்பே காரணமெனக் கண்டார். விளைவு ஒன்றாயினும் வழி இரண்டு.

இவ்வழக்கு ஏட்டளவில் நிற்பதன்று. வேர்ஜீனியாவில் ஷெனண்டோவாச் சலமாந்தர் மூன்றே மலைகளின் கற்குவியல்களில் ஒதுங்கி வாழ்கின்றது. அது கல்லை விரும்பிச் சென்றதன்று. சூழ்ந்துள்ள வளமண்ணைச் செம்முதுகுச் சலமாந்தர் கைக்கொண்டமையால், வறட்சியைச் சற்றுத் தாங்கவல்ல இது ஆங்குத் தள்ளப்பட்டது என 1971 இல் யேகர் விளக்கினார். 1989 இல் அமெரிக்க அரசு இதனை அழிவுறும் இனமாக அறிவித்தது. காட்டை வெட்டுவோரைச் சட்டம் தடுக்கும். செம்முதுகுச் சலமாந்தரை எங்ஙனம் தடுப்பது? வெப்பம் மிகுமாயின் மேலே ஏறவும் இடமில்லை. அம்மூன்றுள் உயர்ந்த ஹோக்ஸ்பில் மலையின் உயரம் 1,235 மீற்றரே.